ஒரு ஜிபிக்குள் ஒரு பட்டி

2025ஆம் ஆண்டு ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை காலை, பரந்தனுக்கும் ஆனையிறவுக்கும் இடையில் ஏ-9 வீதியில் பொலிஸார் மறித்த லொறியொன்றில் பதினொரு மாடுகள் இருந்தன. எல்லாவற்றின் இடப்பக்கத் தொடையிலும் 'க.ஐ.' என்ற எழுத்துகளும், அவற்றுக்குக் கீழே ஒரு சிறு வேலும் சுடப்பட்டிருந்தன.

மல்லாவிப் பக்கத்தில் அந்தக் குறியைத் தெரியாதவர்கள் இல்லை. கந்தையா ஐயாத்துரையின் குறி. அவர் காலமான பிறகு மூத்த மகன் குகதாசனின் குறி. பொலிஸார் குகதாசனுக்கு அறிவித்தார்கள். அவர் போய்க் கையெழுத்து வைத்து, உழவு இயந்திரப் பெட்டியில் இரண்டு நடையாக மாடுகளை ஏற்றி வந்தார். வரும் வழியில் அமராவதியின் வீட்டுப் படலைக்கு முன்னால் நிறுத்தி மூன்று மாடுகளை இறக்கினார்.

"இந்தா அமராவதி, உன்ர மூண்டும். என்ர குறி இருந்தபடியால் வந்து சேர்ந்துது. இல்லாட்டி இவ்வளவுக்கும் யாழ்ப்பாணத்திலை கறிச்சட்டிக்குள்ளை."

அமராவதி கும்பிட்டாள். "ஐயாவுக்குப் புண்ணியமாப் போவட்டும்" என்றாள்.

படலையில் நின்ற மகள் சிவரூபி கும்பிடவில்லை. உழவு இயந்திரம் திருப்பத்தில் மறைந்ததும் தாயிடம் திரும்பினாள்.

"எதுக்கும்மா கும்பிட்ட?"

"கொண்டாந்து வுட்டாருல்ல."

"நம்ம மாடும்மா."

"நம்ம மாடுதான். மாட்டுத் தொடையப் பாத்தியா நீ?"

கலவரத்துக்குத் தப்பி எழுபத்தேழில் அட்டனிலிருந்து வன்னிக்கு இறங்கி வந்த குடும்பம் அவர்களுடையது. வந்த நாளிலிருந்து ஐயாத்துரையின் மாட்டுப் பட்டியை வாரத்துக்கு, அதாவது கன்றில் பங்குக்கு, மேய்த்தார்கள். மேய்க்கிறவருக்குச் சம்பளம் கிடையாது. ஒரு பசு ஈனும் முதற்கன்று சொந்தக்காரருக்கு, அடுத்த கன்று மேய்க்கிறவருக்கு. ஆனால் குறி சுடும் நாளில் இரண்டு கன்றின் தொடையிலும் ஒரே கம்பிதான் விழும். மேய்க்கிறவரிடம் கம்பி இல்லை. ஒரு கம்பியை அடித்து வைத்திருந்தாலும், பேர் தெரியாத குறியோடு காட்டில் நிற்கும் மாட்டை வழியில் போகிறவனும் பிடிப்பான் என்ற பயம் இருந்தது. பெரிய வீட்டின் குறி ஒரு காவல். அந்தக் காவலுக்கு ஒரு விலையும் இருந்தது: அமராவதி தன் மாடொன்றை விற்க வேண்டுமானால், குகதாசனின் வீட்டு வாசலில் போய் நின்று, "இது அவளுடைய மாடுதான்" என்று ஒரு துண்டு எழுதுவித்து வரவேண்டும். அவர் எழுத மறுத்ததில்லை. காத்திருக்க வைக்காமலும் இருந்ததில்லை.

*

லொறி பிடிபட்ட பிறகு கால்நடை வளர்ப்போர் சங்கம் கூடியது. ஒரு இணையத்தளம் செய்வதென்று முடிவாயிற்று. ஒவ்வொரு மாட்டின் படமும், குறியும், உரிமையாளரின் பெயரும் அதில் இருக்கும். பொலிஸோ, மிருக வைத்தியரோ, வாங்க வருகிறவரோ போனில் தேடிப் பார்க்கலாம். கால்நடைத் திணைக்களம் குத்திவிடும் காதுத் தகடு முட்பற்றைக்குள் சிக்கி அறுந்துவிடும். கள்ளர் காதோடு சேர்த்தும் அறுப்பார்கள். சுட்ட குறி போகாது.

சங்கத்தின் தலைவர் குகதாசன். வேலை சிவரூபிக்குக் கிடைத்தது. வவுனியாவில் பட்டப்படிப்பை முடித்துவிட்டு மல்லாவிச் சந்தியில் உரக்கடைக்கு மேல் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, கொழும்புக் கம்பனிகளுக்குத் தளங்கள் செய்து கொடுத்துக்கொண்டிருந்தாள். சங்கத்தின் அங்கத்தவர் ஒருவரின் மகளுக்கு இந்த வேலை தெரியும் என்றிருக்க வெளியில் ஆள் தேடுவானேன் என்று குகதாசன்தான் முதலில் சொன்னார். அதையும் குறிப்பிடத்தான் வேண்டும்.

சோதனைக்காகத் தன் வங்கி அட்டையில் ஒரு மெய்நிகர் சேர்வரை வாடகைக்கு எடுத்தாள். சிங்கப்பூரில் எங்கோ ஒரு மண்டபத்தில் நிற்கும் பெரிய இயந்திரத்தின் ஒரு சிறு துண்டு. ஒரு ஜிபி நினைவகம். அதன்மேல் தளத்தின் முதல் வடிவத்தை எழுதினாள்.

அங்கேதான் பிழை விட்டாள். தரவுத்தளம் எழுதும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது எது என்பது. அது மாறக்கூடாது, தொலையக்கூடாது. படித்ததும் அதுதான். சிவரூபி ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. குறி என்று எழுதினாள். ஒரு குறி ஒருவருடைய பேரில்தான் வரலாம் என்றும் கட்டினாள். நகரத்தில் வளர்ந்த ஒருத்தி எழுதியிருந்தால் மாட்டுக்கு ஓர் இலக்கத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருப்பாள். பட்டிக்குப் பக்கத்தில் வளர்ந்தவளுக்குக் குறிதான் மாடு.

தலைவர் என்பதால் குகதாசனின் பதிவை முதலில் ஏற்றினாள். பிறகு வீட்டுக்கு வந்து, தாயைப் பக்கத்தில் இருத்தி, அவர்களுடைய செவலைப் பசுவின் படத்தைப் போனில் எடுத்து அனுப்பினாள். திரையில் ஒரு வரி வந்தது.

"என்னா போட்டிருக்கு? படிச்சுக் காட்டு" என்றாள் அமராவதி.

சிவரூபி படித்தாள். "இந்தக் குறி ஏற்கெனவே பதியப்பட்டுள்ளது. உரிமையாளர்: ஐயாத்துரை குகதாசன்."

அந்த வசனத்தை எழுதியது வேறு யாருமில்லை. ஒரு கிழமைக்கு முன்னர் அவளே எழுதியது.

அமராவதி பசுவைப் பார்த்தாள். "நல்லா எழுதியிருக்க புள்ள. அவரு வாயால சொல்லுறத நீ மிசின்ல எழுதிட்ட. இனி அவரு சொல்லவும் தேவயில்ல."

"மாத்துறேம்மா."

"மாத்தினா வுட்டுருவாங்களா?"

"விட்டாலென்ன, விடாட்டி என்ன. என்னோட பேரு போட்ட தளத்துல நம்ம மாடு அவரு மாடா நிக்காது."

மறுநாள் அறைக்குப் போனதும் அதுவரை எழுதியதை அழித்தாள். புதிய வடிவம் மாட்டிலிருந்து தொடங்கியது. ஒவ்வொரு மாட்டுக்கும் தளமே ஓர் இலக்கம் கொடுக்கும். இரு பக்கமும் நெற்றியும் தெரியப் படம். குறி எத்தனையும் இருக்கலாம். ஒரே குறி எத்தனை பேரின் மாட்டிலும் இருக்கலாம். மாடு எப்படி வந்தது என்று கேட்கும்: பட்டியில் பிறந்ததா, வாங்கியதா, சீதனமா, வாரத்துக்குக் கிடைத்ததா. கடைசியில், அந்த மாட்டை அறிந்த இரண்டு பேரின் பெயரும் போன் இலக்கமும். அவ்வளவுதான்.

*

பால் சேகரிக்கும் நிலையத்தின் பின்பக்க அறையில் நிர்வாகக் குழு கூடியது. குகதாசன் நடுக் கதிரையில். அவருக்கு வலப்பக்கம் பொருளாளர் செந்தூரன். எந்தக் கூட்டத்திலும் சிரிக்க ஏதாவது வைத்திருப்பவர். மேசையில் ஒரு போன் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. அதற்குள் குகதாசனின் மருமகன் பிரதாபன், கொழும்பில் தன் கணினிக் கம்பனியிலிருந்து.

"வணக்கம் சிவரூபி. நான் சும்மா ஒருக்காப் பாத்தன். எல்லாம் வடிவாத்தான் இருக்கு. ஆனா ஒரு ஜிபி ராமிலை இப்ப ஒரு போனே ஓடாது. எங்கட கம்பனியிலை எட்டு ஜிபியிலை ஒண்டு வைச்சுத் தாறம். பராமரிப்பும் நாங்கள்."

"எட்டுக் கூடவோ ஒண்டு கூடவோ எண்டு எனக்குத் தெரியும்" என்றார் செந்தூரன். மேசை சிரித்தது.

சிவரூபி போனைப் பார்த்துப் பேசவில்லை. எதிரில் இருந்தவர்களைப் பார்த்துப் பேசினாள். "போன் படம் காட்டவேணும், பாட்டுப் பாடவேணும். சேர்வருக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. கேட்டதை எடுத்துக் குடுக்கிறது மட்டும்தான் வேலை. நினைவகம் எண்டது நெல்லு அடுக்கிற அறையில்லை, நெற்கதிரைப் போட்டுச் சூடடிக்கிற களம். ஒரு நேரத்திலை எவ்வளவு சூடு வந்து விழுதோ அவ்வளவுக்குக் களம் இருந்தாக் காணும். எங்கட மாடெல்லாம் ஒரே நிமிசத்திலை வரப் போறேல்லை."

"டேட்டாபேஸ்?" என்றான் பிரதாபன். "மைஎஸ்கியூஎல் போட்டாலே அரைவாசி ராமைத் தின்னுமே."

"தின்னும். அது ஒரு காவல்காரனை வைச்சிருக்கிற மாதிரி. ஆர் வந்தாலும் வராட்டியும் அவருக்குச் சாப்பாடு போடவேணும். அதாலைதான் நான் அதை எடுக்கேல்லை. எஸ்கியூலைட் எடுத்திருக்கிறன். காவல்காரன் இல்லை. ஒரு கோப்பு மட்டும். தளம் தேவைப்படேக்கை திறக்கும், வாசிக்கும், மூடும்."

"அதிலை ஒரு நேரம் ஒராள்தான் எழுதலாம். அதையும் சொல்லுங்கோ."

"ஓம், ஒராள்தான். மற்ற ஆள் கண் வெட்டுற நேரம் நிக்கவேணும். வாசிக்கிறவை எத்தினை பேரும் ஒரே நேரத்திலை வாசிக்கலாம். நாங்கள் மாட்டைப் பதியிறது வருசத்திலை ஒருக்கா. தேடுறதுதான் நெடுக."

"கண் வெட்டுற நேரமோ?" செந்தூரன் தலையாட்டினார். "கூட்டுறவுக் கடையிலை நான் அரிசிக்கு நிண்டதோட பாத்தால் சொர்க்கம்."

குகதாசன் சிரிக்கவில்லை. அவர் தன் போனில் புதிய வடிவத்தைத் திறந்து வைத்திருந்தார். "ஜிபிக் கதையை விடுங்கோ. எனக்கு அது விளங்கேல்லை, விளங்கவும் தேவையில்லை. பிள்ளை, முதல்லை நீர் காட்டேக்கை குறியை அடிச்சால் ஆளின்ர பேர் வந்தது. இப்ப மாடு மாடா வருது. ஏன்?"

"முந்தினது பிழை, தலைவர்."

அமராவதி அவரை 'ஐயா' என்பாள். சிவரூபி வேலைக்கு வந்த நாளிலிருந்து 'தலைவர்' என்றே சொன்னாள். அவர் அதைக் கவனித்திருந்தார்.

"என்ன பிழை? குறி ஒண்டு, உரித்தாளி ஒராள். அப்பா காலத்திலை இருந்து அதுதான்."

"குறி ஒண்டு. மாடு எல்லாம் ஒராளின்ர இல்லை. என்ர அம்மாவின்ர மாட்டிலையும் உங்கட குறிதான் இருக்கு."

"அதை நான் இல்லையெண்டு சொன்னனானோ? கொண்டுவந்து இறக்கி விட்டனான்தானே?"

"இறக்கி விட்டீங்கள். தளத்திலை ஆர் இறக்கி விடுறது?"

போனுக்குள்ளிருந்து பிரதாபன் குறுக்கிட்டான்.

"மாமா, இது சின்ன விசயம். குறிக்கு ஒரு கணக்குத் திறப்பம். குறிக்காரர் உள்ளுக்குப் போய் வாரத்துக்காரரின்ர மாடுகளைத் தான் விரும்பினபடி குறிச்சு விடலாம். எங்கட எட்டு ஜிபியிலை அப்பிடித்தான் செய்யலாம் எண்டு யோசிச்சு வைச்சிருக்கிறன்."

தான் விரும்பினபடி. சிவரூபிக்கு அந்தச் சொல்லுக்கு மேல் எதுவும் கேட்கவில்லை. எட்டு ஜிபி எதற்கு என்பது அப்போதுதான் அவளுக்கு முழுதாக விளங்கியது. மாடு எட்டு ஜிபி கேட்கவில்லை. தளம் யாருடைய வளவில் நிற்கிறது என்பதுதான் கேள்வி. சின்னச் சேர்வர் என்றால் அவளே வைத்திருந்து அவளே பார்த்துக்கொள்ளலாம். பெரியது என்றால் பிரதாபனின் கையில். வாசல் பூட்டின் திறப்பு அவன் மாமனாரின் கையில்.

"பொதுக்கூட்டத்திலை கேப்பம்" என்றார் குகதாசன்.

*

பொதுக்கூட்டத்துக்கு முன்னரே பிரதாபன் தன் வடிவத்தைச் செய்து, அதன் இணைப்பைச் சங்கத்தின் வட்சப் குழுவில் போட்டுவிட்டான். குறியை அடித்தால் பெயர் வந்தது. பலரும் கைதட்டுகிற படம் போட்டார்கள். அந்த இணைப்பு கை மாறிக் கை மாறி நெடுங்கேணிவரை போனது.

ஞாயிற்றுக்கிழமை வாசிகசாலை மண்டபம் நிறைந்திருந்தது. குகதாசன் பேசத் தொடங்கியபோது பின்கதவால் ஒரு பெண் குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தாள். நெடுங்கேணியில் கல்யாணம் முடித்துப் போன அவருடைய தங்கை சிவனேஸ்வரி. பஸ் மாறி மாறி வந்த களைப்பு முகத்தில் இருந்தது. கதிரை கொடுத்தார்கள், அவள் இருக்கவில்லை.

"அண்ணை, என்ர சீதன மாடு எல்லாம் எப்ப திரும்பி உன்ர வளவுக்கு வந்தது?"

"என்ன கதை இது, ஈசு?"

"நான் சொல்லேல்லை. உன்ர மருமோன்ர சாமான் சொல்லுது. அப்பா எனக்கு ஓட்டிவிட்ட பட்டி. அப்பான்ர குறிதான் அதிலை இருக்கும், பின்னை என்ர புருசன்ர குறியோ இருக்கும்? இப்ப அடிச்சுப் பாத்தால் எல்லாம் ஐயாத்துரை குகதாசனாம். என்ர மாட்டுப் பாலைக் கறந்து உனக்கு அனுப்பவோ?"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. "தங்கச்சி, பாலோட நிப்பாட்டு. சாணியையும் கேப்பார்" என்று செந்தூரன் மேடையிலிருந்தே சொன்னார். குகதாசனும் சிரிக்க வேண்டி வந்தது. சகோதரிகளின் சீதன மாட்டில் தகப்பனின் குறி இருப்பது வன்னியில் எந்த வீட்டிலும் நடக்கிற விஷயம். அந்த மண்டபத்தில் பாதிப் பேரின் மனைவிமாரின் பட்டி அப்படித்தான் வந்தது. அது யாருக்கும் நினைவுக்கு வராமல் போனது ஏனென்று யாரும் கேட்கவில்லை.

குகதாசன் போனில் பிரதாபனோடு இரண்டு வார்த்தை பேசினார். பிறகு அறிவித்தார். "அது திருத்தலாம். ஒரு குறியிலை கூடப்பிறந்தவையின்ர பேரையும் சேர்க்கலாமாம். தங்கச்சியின்ர மாடு தங்கச்சியின்ர பேரிலை வரும். சரியோ, ஈசு?"

"சரி" என்று சிவனேஸ்வரி அமர்ந்தாள்.

சிவரூபி எழுந்தாள். "வாரத்து மாட்டுக்கு?"

"அது வேறை, பிள்ளை. அது பிறகு பாப்பம்."

"ஏன் வேறை?"

"கூடப்பிறந்தது இரத்தம். வாரம் எண்டது கூலி."

"கூலி குடுத்தாச்சு எண்டால் அது குடுத்தவரின்ர இல்லை, தலைவர். நீங்கள் கூலிக்காரனுக்குக் குடுத்த காசிலை உங்கட பேர் எழுதியிருக்கோ?"

பின்வரிசையில் மேய்ப்பர் குடும்பங்கள் இருந்தன. யாரும் கைதட்டவில்லை. ஒருவர் மட்டும் இருமினார். முன்வரிசையில் ஒருவர், "எங்கட குறியிலை இவ்வளவு காலம் பாதுகாப்பா நிண்டுபோட்டு இப்ப என்ன?" என்றார். இன்னொருவர், "படிச்சாப் போலை" என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார்.

"நான் ஒண்டும் புதுசாக் கேக்கேல்லை" என்றாள் சிவரூபி. "மாட்டை மாடாப் பதியுங்கோ. அது ஆரின்ர எண்டு அந்த மாட்டைத் தெரிஞ்ச ரெண்டு பேர் சொல்லட்டும். அதுக்குக் குறிக்காரரும் வரலாம், வராமலும் விடலாம்."

கை தூக்கச் சொன்னார்கள். பிரதாபனின் வடிவத்துக்கு, கூடப்பிறந்தோர் திருத்தத்தோடு, பெரும்பாலான கைகள் உயர்ந்தன. மேய்ப்பர் வரிசையிலும் சில கைகள் உயர்ந்தன. அமராவதியின் கை அவள் மடியில் கிடந்தது.

"அப்ப முடிவு" என்றார் குகதாசன். "பிள்ளை, நீர் பிரதாபனோட சேர்ந்து இதை முடிச்சுத் தாரும். உம்மட ஒப்பந்தத்திலை ஒரு மாற்றமும் இல்லை."

"நான் எழுதமாட்டன்."

"என்ன?"

"என்ர அம்மாவின்ர மாட்டை உங்கட பேரிலை எழுதித் தாற வேலையை நான் செய்யமாட்டன். ஒப்பந்தத்தை முடிச்சுக்கொள்ளுங்கோ."

"நீர் எழுதாட்டி வேறை ஆள் எழுதும்."

"எழுதட்டும். நான் என்ரயை ஏத்துறன்."

"எதிலை? அந்த ஒரு ஜிபியிலையோ?" முன்வரிசை சிரித்தது.

"ஓம். அந்த ஒரு ஜிபியிலைதான்."

குகதாசனின் குரல் தாழ்ந்தது. அவர் கோபப்பட்டால் அப்படித்தான். "எங்கட குறியைப் படம் போடுறதுக்கு நாங்கள் அனுமதி தரேல்லை."

"குறி உங்கட, தலைவர். மாடு எங்கட. மாட்டைப் படம் எடுக்கேக்கை குறியும் சேர்ந்து வரத்தான் செய்யும். வேணுமெண்டால் நீங்கள் சுட்டதை வந்து அழிச்சுத் தாங்கோ."

சிவரூபி வெளியே வந்து சைக்கிளை எடுத்தாள். அமராவதி சைக்கிளின் பின்னால் ஏறிக்கொண்டாள்.

"காசும் போச்சு" என்றாள் பாதி வழியில்.

"ஆமாம்மா."

"மெதுவா ஓட்டு. குழி கெடக்கு." சற்றுப் பொறுத்து, "அழிச்சுத் தாங்கன்னு சொன்ன பாரு. எங்க அப்பா இருந்திருந்தா பல்லுத் தெரியச் சிரிச்சிருப்பாரு" என்றாள்.

*

சங்கத்தின் தளம் பங்குனியில் விளக்கேற்றித் திறந்து வைக்கப்பட்டது. சிவரூபியின் தளத்துக்குத் திறப்பு விழா இல்லை. ஐந்தாறு மேய்ப்பர் குடும்பங்களின் போனுக்கு இணைப்பை அனுப்பினாள். அவ்வளவுதான். முதலில் யாரும் பதியவில்லை. கை தூக்கியவர்கள் பயத்திலும் தூக்காதவர்கள் யோசனையிலும் இருந்தார்கள். அமராவதிதான் குளத்தடியில் மாடு தண்ணீர் குடிக்கும் நேரம் பார்த்துப் போனாள். "ஒங்க மாட்ட ஒங்க போன்ல படம் புடிக்க யாருகிட்ட கேக்கணும்?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாள். அப்படிக் கேட்டதும் ஒருவர் எடுத்தார். அவரைப் பார்த்து மற்றவரும் எடுத்தார்.

அன்றைக்கே அந்தத் தளம் விழுந்தது.

சிவரூபி அறையில் மத்தியானச் சாப்பாட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். போனில் பக்கம் வெள்ளையாக நின்றது. சற்று நேரத்தில் சங்கத்தின் வட்சப் குழுவில் பிரதாபன் அந்த வெள்ளைப் பக்கத்தைப் படம் பிடித்துப் போட்டான். கீழே ஒரு வரி: "ஒரு ஜிபிப் பட்டி வேலி பாஞ்சிட்டுது." சிரிப்பு முகங்கள் வரிசையாக விழுந்தன. அவளைக் குழுவிலிருந்து நீக்க யாருக்கும் நினைவு வந்திருக்கவில்லை.

இரண்டு ஜிபிக்கு மாற ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். விரல் அதன்மேல் நின்றது. பிறகு எடுத்துவிட்டாள். களம் சிறிதா, சூடு வந்த முறை பிழையா என்று பார்க்காமல் களத்தைப் பெருப்பிக்கிறவன் அடுத்த போகமும் பெருப்பிக்க வேண்டும். சேர்வரின் பதிவுகளைத் திறந்து வாசித்தாள். தரவுத்தளக் கோப்பு அசையவே இல்லை. அது தின்ற நினைவகம் கொசு குடித்த அளவு. படங்கள்தான். இப்போதைய போன்கள் எடுக்கும் பெரிய படங்கள் குளத்தடியிலிருந்து ஒரே நேரத்தில் வந்து விழ, தளம் எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்துச் சுருக்க முயன்றிருக்கிறது. ஒரு ஜிபி நிரம்பியதும் இயங்குதளம் தளத்தின் கழுத்தைப் பிடித்து நிறுத்திவிட்டது.

பிழை மறுபடியும் அவளுடையது. அதை ஒப்புக்கொள்ள அவளுக்கு வெட்கமாக இருக்கவில்லை. படத்தை அனுப்ப முன்னர் போனே சுருக்கும்படி எழுதினாள். சேர்வரில் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போகலாம் என்று கட்டினாள். நினைவகம் முட்டினால் கொஞ்சத்தை வன்வட்டில் இறக்கி வைக்க ஓர் இடமும் ஒதுக்கினாள். மாலைப் பால் சேகரிக்க வண்டி வருவதற்குள் தளம் எழுந்துவிட்டது. பிறகு அதே வட்சப் குழுவில் எழுதினாள்: "விழுந்தது உண்மை. எழும்பிட்டுது. படத்தை இனிப் போனே சுருக்கி அனுப்பும். விட்ட இடத்திலை இருந்து அனுப்புங்கோ."

இந்தமுறை அவளை நீக்கினார்கள். ஆனால் செய்தி எல்லோருடைய போனிலும் கிடந்தது.

சோதித்துப் பார்த்தாள். குளத்தடியில் அன்று நின்ற எல்லோரையும் மறுநாள் ஒரே நேரத்தில் அனுப்பச் சொன்னாள். நினைவகத்தில் பாதிக்கு மேல் வெறுமையாகக் கிடந்தது.

அந்தக் கிழமையில் நெடுங்கேணியிலிருந்து ஓர் அழைப்பு வந்தது.

"நான் சிவனேஸ்வரி. உம்மட கொம்மாவின்ர செவலைப் பசு இருக்கெல்லே, அது எங்கட வீட்டு நெத்திச்சுட்டிப் பசுவின்ர பேத்தி. அதின்ர தாய் கொம்மாவின்ர பங்குக்கு வந்தது. நான் அப்ப கலியாணம் முடிக்கேல்லை, பக்கத்திலை நிண்டனான். சாட்சிக்கு என்ர பேரைப் போடும்."

"அண்டைக்குக் கூட்டத்திலை நீங்கள் சரியெண்டு இருந்திட்டீங்கள், அக்கா."

"ஓம், இருந்தனான். என்ரயைக் கேக்கத்தான் வந்தனான், கேட்டன், கிடைச்சுது, இருந்தன். பஸ்ஸிலை போகேக்கைதான் உம்மட கேள்வி தட்டினது. நான் ஒண்டும் பெரிய ஆளில்லை. தெரிஞ்சதைச் சொல்லுறன்."

"தலைவர் பாப்பார்."

"பாக்கட்டுமன். வாசிக்கத் தெரிஞ்ச மனிசன்தானே."

*

குகதாசன் பார்த்தார். வழக்குப் போடப்போவதாகச் சந்தியில் இரண்டு இடத்தில் சொன்னார். போடவில்லை. பால் நிலையத்தில் அமராவதியின் பாலை ஒரு கிழமை கடைசியாக அளந்தார்கள். அவள் கடைசியாக நின்றாள். பிறகு வழக்கம்போல அளந்தார்கள்.

சித்திரையில் மேய்ப்பர் குடும்பங்களில் பெரும்பாலானவை சிவரூபியின் தளத்தில் பதிந்திருந்தன. அதற்குப் பிறகு, சங்கத் தளத்தில் சகோதரன் பேருக்குக் கீழே இரண்டாம் பேராக வர விரும்பாத சில சகோதரிகளும் பதிந்தார்கள்.

வைகாசியில் அமராவதி ஒரு நாம்பன் கன்றை மாங்குளத்து வியாபாரி ஒருவருக்கு விற்றாள். குகதாசனின் வீட்டுக்குப் போகவில்லை. கிராம அலுவலர் சிவரூபியின் தளத்திலிருந்த பக்கத்தை அச்செடுத்து வாங்கினார். சாட்சிகள் இருவருக்கும் போன் போட்டுக் கேட்டார். மாட்டைக் கொண்டுசெல்லும் அனுமதிப் பத்திரம் பழனியாண்டி அமராவதி என்ற பேரில் வந்தது.

சங்கத்தின் தளத்தில் அந்தக் கன்று இன்னும் ஐயாத்துரை குகதாசனின் மாடாக இருக்கிறது. இரண்டு தளங்களும் இயங்குகின்றன.